படையின் விலையை யார் கொடுப்பது?

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், படைகளை ஆறாகப் பகுத்துக் காட்டுகிறார். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்பன அவை. இவற்றுள் வழிவழியாக அரசைச் சார்ந்து நிற்கும் மூலப்படையே சிறந்தது என்பது அவர் முடிபு. போர் நம் பக்கம் சாயாத வேளையிலும் அஞ்சாது நிற்கும் உறுதியை வள்ளுவரும் ‘தொல்படை’க்கே உரியதாக்கினார்.

பகுப்பு பழையது; அதனுள் அடங்கியிருக்கும் வினா இன்றும் பழையதாகவில்லை. ஒரு நாடு தன்னைக் காக்க எத்தகைய படையை வைத்துக்கொள்ள வேண்டும்? நெடுங்காலம் பணியாற்றி ஓய்வூதியத்துடன் வீடு திரும்பும் வீரர்களையா? சில ஆண்டுகளுக்கு மட்டும் அமர்த்தி அனுப்பிவிடும் இளைஞர்களையா? குடிமக்கள் அனைவரையும் கட்டாயமாக அழைத்துப் பயிற்றும் முறையையா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. ஒரு முறையை விடுத்து மற்றொன்றைத் தேர்வதால் அந்த விலை மறைந்துவிடுவதில்லை. அது ஒருவர் கணக்கிலிருந்து வேறொருவர் கணக்கிற்கு மாறுகிறது, அவ்வளவே. அரசின் ஏட்டில் மிச்சம் என்று எழுதப்படுவது, ஏதோ ஒரு சிற்றூரில் ஓர் ஏழைத் தாயின் ஏட்டில் கடன் என்று எழுதப்படலாம். 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள அக்னிபாத் திட்டத்தைப் பற்றி நாம் எண்ண வேண்டியது இந்தக் கோணத்திலிருந்துதான்.

காரைக்கால் அறிந்த பாடம்

படை ஓய்வூதியம் என்பது ஒரு குடும்பத்திற்கு என்ன செய்யும் என்பதைக் காரைக்கால் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி வந்தவரைச் ‘சொல்தா’ என்று அழைப்பது புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் வழக்கு. 1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படி இணைப்பு முழுமையுற்றது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் இங்கேயே வாழ்ந்தார்கள். இந்தோசீனத்தில் துப்பாக்கி ஏந்தியவர், முதுமையில் தம் தெருவின் திண்ணையில் அமர்ந்து ஓய்வூதியம் பெற்றார். அவர் இறந்தபின் அவருடைய மனைவிக்கும் ஒரு பங்கு வந்தது. அந்தப் பணத்தில் வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள், பெண்மக்களுக்குத் திருமணம் நடந்தது.

அதே பிரான்சு நாடு வேறொரு பாடத்தையும் உலகிற்குத் தந்தது. 1959ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வாயிலாக, விடுதலை பெற்ற தன் முன்னைய குடியேற்ற நாடுகளின் படைவீரர்களுக்குரிய ஓய்வூதியத்தை அது உயராதபடி உறைய வைத்தது. செனகலிலும் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும், பிரான்சின் விடுதலைக்காகக் குருதி சிந்திய முதியவர்கள், தம் அருகில் நின்று போரிட்ட பிரெஞ்சு வீரர் பெற்றதில் ஒரு சிறு பகுதியையே பெற்று வாழ்ந்து மடிந்தனர். 2006இல் ஓரளவு திருத்தம் வந்தது. 2010 மே 28ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அந்த வேறுபாடு சமத்துவத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இடையில் ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கருவூலம் மிச்சம் பிடித்தது உண்மை. அந்த மிச்சத்தைக் கொடுத்தவர்கள், குரலெழுப்ப வலுவற்றிருந்த முதியவர்கள் என்பதும் உண்மை.

எதிர்த்தரப்பின் நியாயம்

அக்னிபாத் திட்டத்தை ஆதரிப்போர் கூறுவதை முதலில் நேர்மையோடு கேட்போம். அவர்கள் காட்டும் எண்கள் பொய்யல்ல. 2025-26ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 6.81 இலட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதில் ஓய்வூதியத்திற்கு மட்டும் 1.60 இலட்சம் கோடி. புதிய கப்பல்கள், விமானங்கள், பீரங்கிகள் அனைத்தையும் வாங்குவதற்கான மூலதனச் செலவு 1.80 இலட்சம் கோடி. பணியிலிருந்து விலகியோருக்குத் தரும் தொகை, பணியிலிருப்போர் கையில் கொடுக்கும் கருவிகளின் விலையை நெருங்கி நிற்கிறது. 2015இல் அறிவிக்கப்பட்ட ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ இச்சுமையைக் கூட்டியது. பதினைந்து ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வூதியத் தகுதி பெறும் சிப்பாய் நாற்பது வயதிற்குள்ளேயே வீடு திரும்பி, பணியாற்றிய காலத்தைவிட நீண்ட காலம் ஓய்வூதியம் பெறுகிறார்.

வயதும் ஒரு நியாயம். பனிமலைகளில் நிற்பதற்கு இளைய உடல் தேவை. 1999ஆம் ஆண்டின் கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவும் படை எப்போதும் இளமையோடு இருக்க வேண்டும் என்றே கூறியது. பத்தாயிரம் பேரைக்கொண்டு இருபதாயிரம் பேரை எதிர்க்க முடியுமா என்று முதலில் அமர்ந்து சிந்திக்கும் அரசன் ஒருவனை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கணக்குப் பார்க்கும் அரசை நாம் பழிக்கவில்லை. கணக்கை முழுமையாகப் பார் என்றே கேட்கிறோம்.

பாதிக் கணக்கு

2022 ஜூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் கூறுகள் இவை. பதினேழரை வயது முதல் 21 வயது வரையுள்ளோர் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படுவர். முதலாண்டிற்கு மட்டும் வயது வரம்பு 23 ஆக உயர்த்தப்பட்டது. மாத ஊதியம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ஆகும். அதில் 30 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டு ஒரு நிதியில் சேரும். அதே அளவு தொகையை அரசும் சேர்க்கும். நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் கையில் கிடைக்கும். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிரந்தரப் பணியில் தொடரலாம். எஞ்சியோருக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

பதினொன்றரை இலட்சத்திற்கு மேல் என்று கேட்கும்போது பெருந்தொகையாகத் தோன்றும். அதைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகளின் பிடித்தத்தைக் கூட்டினால் 5,02,200 ரூபாய். அது அந்த இளைஞன் தன் ஊதியத்திலிருந்து தானே சேமித்தது. அரசு தருவது அதற்கு இணையான மற்றொரு பாதியும் வட்டியுமே. தன் உழைப்பின் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைப் பரிசு என்று பெயரிட்டு வழங்குவது நேர்மையான சொல்லாட்சியன்று.

முதலாண்டிற்கு அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 46,000. கால்பங்கினர் தொடர்ந்தால் 34,500 பேர் இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு வயதிற்குள் ஊர் திரும்புவர். இவ்வாறு திரும்பும் முதற்குழுவின் நான்காண்டுக் காலம் 2026ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறைவுறத் தொடங்குகிறது. மற்ற நண்பர்கள் பட்டமோ தொழிற்கல்வியோ முடித்துப் பணியில் அமர்ந்திருக்கும் வயதில், இவர்கள் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். துணை இராணுவப் படைகளில் முதலில் 10 விழுக்காடு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையில் அது பின்னர் உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒதுக்கீடு என்பது போட்டியிட ஒரு வாயில். பணி உறுதி அன்று. நூறு பேர் காத்திருக்கும் முற்றத்தில் பத்து இருக்கைகளை ஒதுக்கி வைத்தால் தொண்ணூறு பேர் நின்றுகொண்டுதான் இருப்பர்.

பணியில் உயிர் துறந்தால் 48 இலட்சம் ரூபாய்க் காப்பீடும், பணியே காரணமாயின் 44 இலட்சம் ரூபாய் கருணைத் தொகையும் உண்டு. ஆனால் நிரந்தர வீரரின் குடும்பத்திற்கு மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் அக்னிவீரரின் குடும்பத்திற்கு இல்லை. ஒரே பாசறை, ஒரே எல்லை, ஒரே குண்டு. இரண்டு வீடுகளுக்கு இருவேறு நீதி. இதை எந்தச் சிக்கனத்தின் பெயரால் நியாயப்படுத்துவது?

போர்க்களத்தின் கணக்கு

இரக்கத்தின் பெயரால் மட்டும் நாம் வாதிடவில்லை. படையின் வலிமை என்ற அளவுகோலாலும் இத்திட்டம் சோதிக்கப்பட வேண்டும். நான்காண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் பயிற்சி. விடுப்பு நாள்களைக் கழித்து, இறுதியாண்டில் ‘நான் அந்த நான்கில் ஒருவனா’ என்ற கவலையையும் கழித்தால், மனம் ஒன்றிப் பணியாற்றும் காலம் எவ்வளவு எஞ்சும்? அருகில் இருப்பவன் தோழனா, தன் இடத்தைப் பறிக்கப்போகும் போட்டியாளனா என்ற ஐயம் பதுங்குகுழிக்குள் நுழைவது நல்லதன்று.

கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் எந்தப் படகுக்காரரையும் கேளுங்கள். வாடையும் கொண்டலும் கச்சானும் எப்படித் திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பதை நான்கு பருவத்தில் கற்றுவிட முடியுமா? தேர்ந்தவரை இறக்கிவிட்டு ஆண்டுதோறும் புதியவரை ஏற்றும் படகு, கூலியில் மிச்சம் பிடித்துப் பாட்டில் இழக்கும். கடற்படைக் கப்பலின் பொறியறையும் பீரங்கிப் படையின் கணிப்புக் கருவிகளும் இதைவிட எளியவை அல்ல. 2020 ஜூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த இருபது இந்திய வீரர்களுள் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவில்தார். அத்தகைய மூத்தவர்கள் இளையோரிடையே நிற்பதால்தான் படை படையாக நிற்கிறது. வள்ளுவர் தொல்படை என்றதன் பொருள் இதுவே.

ஏட்டில் ஏறாத இழப்பு மற்றொன்றும் உண்டு. 1947ஆம் ஆண்டு முத்தரப்பு உடன்படிக்கையின்படி நேபாளத்தின் கூர்க்கா இளைஞர்கள் இந்தியப் படையில் சேர்ந்து வந்தனர். அக்னிபாத் அறிவிக்கப்பட்டபின் நேபாளம் இந்தப் புதிய முறையை ஏற்கத் தயங்கி ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்தது. தலைமுறைகளாக வளர்ந்த ஒரு நட்பின் விலையை எந்த நிதிநிலை அறிக்கை காட்டும்?

மறுமுனையில் உள்ள தவறுகள்

அப்படியானால் படையைப் பெருக்கி, அனைவருக்கும் நிரந்தரப் பணி கொடுத்துவிடலாமா? அதன் விலையைக் காணக் கடல் கடந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. முடிந்தபின்னும் ஆண்டுகள் பலவாக, இரண்டு இலட்சத்திற்குச் சற்றுக் கூடுதலான அனுமதிக்கப்பட்ட ஆள்வலிமையைத் தரைப்படை கொண்டிருந்தது. 2022இல் நாடு பொருளாதாரத்தில் நொடித்த பின்னரே, அதை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். போரில்லாத காலத்தின் பெரும்படைக்கு வடக்கின் தமிழ் மக்கள் தம் நிலத்தாலும், நாடு முழுவதிலுமுள்ள ஏழைகள் தம் உணவாலும் மருந்தாலும் விலை கொடுத்தார்கள்.

கட்டாயப் படைப்பணி மூன்றாவது வழி. சிங்கப்பூரில் 1967 முதல் அது நடைமுறையிலுள்ளது. அங்குள்ள தமிழ் இளைஞர்களும் இரண்டாண்டு பணியாற்றுகிறார்கள். செல்வர் மகனும் தொழிலாளி மகனும் ஒரே கூடாரத்தில் உறங்குவது அதன் சிறப்பு. போர் என்றால் எல்லார் வீட்டுக் கதவும் தட்டப்படும் என்பதால் ஆள்வோரும் போர் பற்றி அவசரப்படமாட்டார்கள் என்பர். ஆயினும் அது மலிவானதன்று. இளைஞனின் ஈராண்டு உழைப்பைச் சந்தை விலைக்குக் குறைத்துப் பெறுவது பெயர் சூட்டப்படாத ஒரு வரி. 1991 வளைகுடாப் போரின்போது பிரான்சு, கட்டாயப் பணியாளரைப் போர்முனைக்கு அனுப்ப விரும்பாமல், பல படையணிகளிலிருந்து நிரந்தர வீரர்களைத் திரட்டியே அனுப்ப வேண்டியிருந்தது. பெரிய படை ஏட்டில் இருந்தது; களத்திற்கு அனுப்பக்கூடியது சிறிதாக இருந்தது. 1996இல் குடியரசுத் தலைவர் சிராக் கட்டாயப் பணியைக் கைவிடுவதாக அறிவித்தார். 2001இல் அது முடிவுக்கு வந்தது. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நம் நாட்டில், ஆள் பற்றாத நிலையே இல்லாதபோது, கட்டாயம் என்ற சொல்லுக்கு இடமேயில்லை.

வேறு வழி இல்லையா?

குறுகிய காலப் பணி என்றாலே ஓய்வூதியம் இராது என்பது இயற்கை விதிபோல் பேசப்படுகிறது. அது விதியன்று, ஒரு தேர்வு. இந்தியாவிலேயே 1976 வரை சிப்பாய்களுக்கு ஏழாண்டு நேரடிப் படைப்பணியும் அதன்பின் எட்டாண்டு சேமப்படைப் பொறுப்பும் என்ற முறை இருந்தது. இரண்டும் சேர்ந்து பதினைந்து ஆண்டு நிறைந்தோருக்குச் சேமப்படை ஓய்வூதியம் என்ற ஒன்று இருந்தது. இளமையான படையும் கிடைத்தது; அழைத்தால் வரக்கூடிய பயின்ற வீரர்களும் ஊரில் இருந்தார்கள். பிரிட்டனில் ஈராண்டு பணியாற்றிய வீரரும் அக்காலத்திற்குரிய ஓய்வூதிய உரிமையைப் பெறுகிறார். முதுமையில் அது அவர் கைக்கு வருகிறது. அமெரிக்காவில் இருபதாண்டு நிறைத்தவருக்கே ஓய்வூதியம் என்ற பழைய முறையால் பெரும்பாலோர் வெறுங்கையோடு சென்றனர். அதை 2018 ஜனவரி முதல் திருத்தி, குறைந்த ஆண்டு பணியாற்றியோரும் அரசின் பங்களிப்போடு சேமிப்பை எடுத்துச் செல்ல வழிசெய்தார்கள்.

ஆக, நாம் முன்வைப்பது இதுவே. கார்கில் ஆய்வுக் குழு சொன்னபடி பணிக்காலம் ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகட்டும். அதன்பின் துணை இராணுவப் படைகளுக்கு மாறிச் செல்வது உறுதிசெய்யப்பட்ட உரிமையாகட்டும். அங்கு எப்படியும் ஆள் எடுக்கத்தான் போகிறோம், அவர்களைப் புதிதாகப் பயிற்றும் செலவும் மிஞ்சும். விலகிச் செல்வோருக்கு, அரசும் பங்களித்து அறுபதாம் வயதில் தொடங்கும் ஓய்வூதியம் அமையட்டும். உயிர்நீத்தவர் குடும்பங்களுக்குள் வேறுபாடு அறவே ஒழியட்டும். இதற்குப் பணம் வேண்டும் என்பதை மறைக்கவில்லை. பணம் போதாவிடில், ஆள்தொகையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வோம். மலையெல்லைக்கு ஆள் வேண்டுமே என்பர். வேண்டும்தான், ஆனால் அங்கே தேவை தலைகளின் எண்ணிக்கையைவிடத் தேர்ச்சி. எண்ணிக்கையில் குறைந்து, தேர்ச்சியில் மிகுந்து, எவரையும் கைவிடாத படையையே நாம் விரும்புகிறோம்.

இத்தனை பெரிய மாற்றம் நாடாளுமன்றத்தில் சட்டமாக விவாதிக்கப்பட்டு வரவில்லை. அமைச்சரவையின் முடிவாக வந்தது. 2022 ஜூனில் வட மாநிலங்களில் இரயில்கள் எரிந்தன. வன்முறையை நாம் ஒருபோதும் ஏற்பதில்லை. ஆனால் இரண்டாண்டுகளாக ஆள்சேர்ப்பு நின்றிருந்த நிலையில், விடியற்காலையில் ஓடி ஓடி உடலை வளர்த்த இளைஞர்களிடம், ஒரு காலை நேரத்தில் வந்து ‘நான்காண்டு மட்டுமே’ என்று சொன்னால் அவர்கள் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை ஆள்வோர் எண்ணியிருக்க வேண்டும்.

கரையின் கணக்கு

கிளிஞ்சல்மேடு ஒரு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல்வழி வந்தபின், மீனவர்களே கடலோரப் பாதுகாப்பின் கண்களும் செவிகளும் என்று அரசு சொல்லத் தொடங்கியது. அடையாள அட்டைகள் வந்தன. பரிமேலழகர் இருந்திருந்தால் இவர்களை நாட்டுப்படை என்றிருப்பார். ஊதியமில்லா நாட்டுப்படை. 2025 ஜனவரி 28ஆம் நாள் அதிகாலையில் நெடுந்தீவு அருகே காரைக்கால் மீனவர் படகின்மேல் இலங்கைக் கடற்படை சுட்டது. படகிலிருந்த பதின்மூவரில் இருவர் கடுமையாகக் காயமுற்றனர். மேலும் மூவருக்கும் காயம். இந்திய அரசு தன் கண்டனத்தைத் தெரிவித்தது. சுட்ட கையும் ஏதோ ஒரு சிங்களச் சிற்றூரின் ஏழை மகனுடைய கையாகத்தான் இருந்திருக்கும்.

இரு கரையிலும் படைக்குச் செல்வது பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகளே. ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எல்லைச் சிக்கல், ஏறும் டீசல் விலை எனப் பலவற்றாலும் கடலை நம்ப முடியாமற்போன வீட்டிலிருந்து ஒரு பையன், திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறான். அவனுக்கு நாட்டுப்பற்று உண்டு, வயிறும் உண்டு. இரண்டையும் ஒருங்கே மதிக்கும் அரசே அவனிடம் உயிரைக் கேட்கும் உரிமை உடையது.

நம் படகுகளில் பாடு பிரிக்கும்போது படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு வைக்கிறோம். வலை புதிதாக வாங்க வேண்டும் என்பதற்காக ஆளின் பங்கை ஊர்ப் பஞ்சாயத்து எடுத்துக்கொள்ளச் சம்மதிக்குமா? சம்மதிக்காது. அந்த ஊர் நீதியையே ஒன்றிய அரசிடமும் கேட்கிறோம். கப்பலும் விமானமும் வேண்டும், வாங்குங்கள். அவற்றின் விலையை, அவற்றை ஓட்டப்போகும் பிள்ளையின் முதுமையிலிருந்து எடுக்காதீர்கள். முதற்குழு வீடு திரும்புமுன் நாடாளுமன்றம் இதை முழுமையாக விவாதிக்கட்டும். நம் பகுதி வாசகர்கள் தத்தம் மக்களவை உறுப்பினரிடம் இந்த ஒரு கேள்வியையாவது எழுத்தில் கேட்கட்டும்: மிச்சம் எவ்வளவு என்று சொன்னீர்கள், அதைக் கொடுத்தவர் யார் என்று எப்போது சொல்வீர்கள்?